மாற்றுச் செல்களுக்கு உடல் காட்டும் எதிர்ப்பை ஆய்வகத்தில் அளப்பது எப்படி?

ஒருவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்தெடுத்த செல்களை இன்னொருவர் உடலில் செலுத்திய பிறகு, பெற்றவரின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை வேற்றாள் என்று அடையாளம் கண்டதா, கண்டிருந்தால் என்ன செய்தது என்னும் இரு கேள்விகளுக்கும் ஆய்வகம் விடை தர வேண்டியிருக்கிறது. அந்த வேலையை முதன்முறையாக ஏற்கும் ஆய்வு மாணவர்களையும் ஆய்வக உதவியாளர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, மஜ்ஜையின் தாங்குதிசுவிலிருந்து கிடைக்கும் மீசென்கைமல் ஸ்ட்ரோமல் செல்களை வைத்துக்கொள்வோம். கணையத் தீவுச் செல்களோ விழித்திரை நிறமிச் செல்களோ உங்கள் கையில் இருந்தால், செல்லை வளர்க்கும் பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு இருக்கும்போது அதைக் காட்டுவது இந்தச் சோதனைகளுக்குப் பெரிய காரியமில்லை. எதிர்ப்பு இல்லை என்று ஒரு பிளேட் (செல்களை வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டு) சொல்லும்போது அதை நம்பலாமா என்று தீர்மானிப்பதில்தான் நம் உழைப்பில் முக்கால் பங்கு போகிறது. பெறுநரின் டி செல்கள் (வேற்றுச் செல்களை இனங்காணும் வெள்ளணுக்கள்) வழியிலேயே செத்துப்போயிருந்தாலும் குழி அமைதியாகத்தான் இருக்கும். வளர்ப்புக் கரைசல் கெட்டிருந்தாலும் அப்படித்தான். ஸ்ட்ரோமல் செல்களே டி செல்களை அடக்கி வைத்திருந்தாலும் அப்படித்தான். உண்மையிலேயே அடையாளம் காணப்படாமல் இருந்தாலும் அப்படித்தான். இந்த நான்கு அமைதிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும்படி சோதனையை அமைப்பதுதான் கீழே வரும் படிகளின் நோக்கம்.

எந்தக் கை தாக்குகிறது

பெறுநரின் டி செல்கள் இரண்டு வழிகளில் மாற்றுச் செல்லை அடையாளம் காண்கின்றன. கொடையாளர் செல்லின் மேற்பரப்பில் நின்று, ஆளுக்கு ஆள் மாறுபடும் அடையாளமாக இருக்கும் எச்.எல்.ஏ. மூலக்கூறை நேராகப் பற்றிக்கொள்வது நேர்வழி. கொடையாளர் செல் சிதைந்து, அதன் புரதத் துண்டுகளைப் பெறுநரின் சொந்த டென்ட்ரிட்டிக் செல்கள் உட்கொண்டு, தம்முடைய எச்.எல்.ஏ.யில் ஏற்றிக் காட்டும்போது கண்டுகொள்வது மறைமுக வழி. நேர்வழியில் வினைபுரியக்கூடிய டி செல்கள் ஒருவர் உடலில் 100க்கு 1 முதல் 10 வரை இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. ஒரு கிருமியின் ஒரு புரதத் துண்டை இனங்காணும் டி செல்கள், அந்தக் கிருமியை இதற்கு முன் சந்தித்திராத உடலில், லட்சத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்பதோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய எண்ணிக்கை. வேறொருவரின் இரத்தச் செல்களோடு சேர்த்து வளர்த்தாலே, எந்த முன்னறிமுகமும் இல்லாமல், டி செல்கள் பெருகத் தொடங்குவதன் காரணம் இதுவே.

டி செல்களோடு கதை முடிவதில்லை. பி செல்கள் கொடையாளரின் எச்.எல்.ஏ.க்கு எதிராக ஆன்டிபாடிகள் என்னும் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும். என்.கே. செல்களோ (இயற்கைக் கொல்லிச் செல்கள்), எச்.எல்.ஏ.யின் இரு வகுப்புகளில் முதல் வகுப்பு மூலக்கூறு குறைவாக உள்ள செல்லைக் கண்டால் அதையே குறையாக எடுத்துக்கொண்டு தாக்கும். மூன்றையும் ஒரே சோதனையால் அளக்க முடியாது. கையில் பணமும் இரத்தமும் குறைவு, இரண்டு சோதனைகள்தாம் செய்ய முடியும் என்றால், வினைபுரியும் டி செல்களைப் புள்ளிகளாக எண்ணும் எலிஸ்பாட்டையும், உண்மையில் செலுத்தவிருக்கும் செல்களையே வைத்து ஆன்டிபாடியைத் தேடும் ஃப்ளோ கிராஸ்மேட்ச் சோதனையையும் தேர்ந்தெடுப்பேன். இருவரின் செல்களையும் சேர்த்து வளர்த்துப் பெருக்கத்தைப் பார்க்கும் கலப்பு வளர்ப்பு அழகானதுதான், ஆனால் நாளும் கைப்பழக்கமும் அதிகம் கேட்கும்.

தயாரிப்பு: இரத்தமும் செல்லும்

எவ்வளவு இரத்தம் வேண்டும் என்ற கணக்கை நோயாளியிடம் போவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஐந்து நிலைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குழிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கரைசல் மட்டும், பெறுநரின் சொந்தச் செல், கொடையாளர் செல், மூன்றாம் நபரின் செல், பி.எச்.ஏ. என்னும் தூண்டி. கலப்பு வளர்ப்பில் குழிக்கு 2 லட்சம் வீதம் 30 லட்சம் செல்கள் போகும். எலிஸ்பாட்டில் குழிக்கு 3 லட்சம் வீதம் 45 லட்சம். சொந்தச் செல் குழிகளில் தூண்டும் பக்கத்துக்கும் அவரது செல்களே வேண்டியிருப்பதால் இன்னும் 15 லட்சம். ஆக 90 லட்சம். ஒரு மி.லி. இரத்தத்திலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் ஒற்றைக்கரு வெள்ளணுக்கள் கிடைக்கும் என்றும், கழுவுவதில் கொஞ்சம் போகும் என்றும், உறையவைத்துப் பாதுகாக்க ஒரு கோடியாவது மிஞ்ச வேண்டும் என்றும் கணக்கிட்டால் 25 முதல் 30 மி.லி. இரத்தம் கேட்பது நியாயம். நோய்த்தடுப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு லிம்ஃபோசைட் எண்ணிக்கையே குறைந்திருக்கும். அவர்களிடம் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் இட்ட குழாயில் எடுத்த இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. சித்திரை மாத வெயிலில் மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்துக்கு ஆட்டோவில் வரும் குழாயைப் பார்த்தால் யாருக்கும் ஐஸ் போடத்தான் தோன்றும், நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள். ஆனால் குளிர்ந்த இரத்தத்திலும் நெடுநேரம் கிடந்த இரத்தத்திலும் கிரானுலோசைட்டுகள் என்னும் வேறு வகை வெள்ளணுக்களின் அடர்த்தி மாறி, அவை கீழே இறங்காமல் வெள்ளணு வளையத்தோடு கலந்துவிடும். அப்படிக் கலந்தால் டி செல்களின் செயல்பாடு மங்கும். 18 முதல் 25 டிகிரி வரை வெப்பத்தைக் காக்கும் பெட்டியில் கொண்டுவந்து, எடுத்த 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுவது நல்லது.

பிரிக்கும் முறை 1968இல் நார்வேயின் ஆர்னே போயும் வகுத்ததிலிருந்து அதிகம் மாறவில்லை. இரத்தத்தைச் சம அளவு உப்புக் கரைசலால் நீர்க்கச் செய்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் கரைசல் மீது, குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக மெல்ல வழியவிடுங்கள். இரண்டும் கலக்காமல் கோடு போட்டதுபோல நிற்க வேண்டும். 400 ஜி விசையில், 20 டிகிரியில், 30 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். பிரேக்கை அணைத்துவிட மறந்தால் அடுக்குகள் கலைந்துவிடும். நடுவில் பாலாடைபோல் மிதக்கும் வெண்வளையத்தைப் பிப்பெட்டால் வட்டமாக நகர்த்தி உறிஞ்சுங்கள். முதற்கழுவல் 300 ஜியில் 10 நிமிடம். இரண்டாவதை 200 ஜிக்குக் குறைத்தால் பிளேட்லெட்டுகள் மேலேயே தங்கிப் போய்விடும். இறந்த செல்லை மட்டும் நிறமேற்றும் டிரைப்பான் நீலத்தில் எண்ணும்போது உயிருள்ளவை 100க்கு 90க்குக் குறைந்தால் அன்றைய சோதனையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

இனி ஸ்ட்ரோமல் செல்கள். ஓய்வில் இருக்கும் இச்செல்களில் எச்.எல்.ஏ. முதல் வகுப்பு குறைவாகவும் இரண்டாம் வகுப்பு ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். அதை வைத்து இவை யார் கண்ணிலும் படாத செல்கள் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். ஆனால் அவற்றைச் செலுத்துவது பெரும்பாலும் அழற்சி உள்ள இடத்துக்கு. அங்கே, டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்னும் சமிக்ஞைப் புரதம் இருக்கும். அது பட்டதும் இரண்டு வகுப்புகளும் மேலெழும். ஆகவே ஒரு தொகுதியை அப்படியேயும், இன்னொரு தொகுதியை மி.லி.க்கு 10 முதல் 50 நானோகிராம் இன்டர்ஃபெரான் காமாவில் 48 மணி நேரம் வைத்தும், இரண்டையும் சோதிக்க வேண்டும். இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த எச்.எல்.ஏ. டி.ஆர். உண்மையில் எழுந்ததா என்பதை, செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு மூன்று முறை நன்றாகக் கழுவுங்கள். எலிஸ்பாட்டில் நாம் தேடப்போவதும் இதே இன்டர்ஃபெரான் காமாதான் என்பதால், கழுவலில் மிச்சம் விட்டால் நாம் ஊற்றியதையே நாம் கண்டுபிடித்துக்கொண்டிருப்போம். தூண்டும் செல் மட்டும் உள்ள குழி ஒன்று கட்டாயம் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்களைக் கன்றுச் சீரத்தில் வளர்த்திருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. மாட்டுப் புரதங்களைச் செல்கள் தம்மோடு சுமந்து செல்லும். பெறுநரின் உடல் அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கியதும் உண்டு. கொடையாளருக்கு எதிரான வினை என்று நாம் எழுதிவைப்பது மாட்டுச் சீரத்துக்கு எதிரானதாக இருந்துவிடக் கூடாது. மனித பிளேட்லெட் சாற்றில் வளர்த்திருந்தால் இந்தக் கவலை இல்லை. இல்லையென்றால், சோதனைக்கு முன் கடைசி இரண்டு மூன்று நாள்களையாவது மனிதச் சீரத்தில் கழிக்கவிட்டு, சீரம் மட்டும் சேர்த்த ஒரு குழியையும் வையுங்கள்.

கலப்பு வளர்ப்பு

இரு வேறு மனிதர்களின் வெள்ளணுக்களைச் சேர்த்து வளர்த்தால் அவை பருத்துப் பெருகும் என்பதை 1964இல் மான்ட்ரியலில் பார்பரா பெய்னும் அவரோடு பணியாற்றியவர்களும், அமெரிக்காவில் ஃப்ரிட்ஸ் பாக்கும் கர்ட் ஹிர்ஷ்ஹார்னும் வெளியிட்டார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று தாக்கினால் யார் பெருகினார் என்று தெரியாது என்பதால், ஒரு தரப்பின் பெருக்கத்தை மைட்டோமைசின் சி கொண்டு நிறுத்தும் ஒருவழி முறை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்தது. இன்றும் அதையே செய்கிறோம்: தூண்டும் செல்களை மி.லி.க்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் மைட்டோமைசினில் 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து மூன்று முறை கழுவுவது, அல்லது 30 கிரே கதிர்வீச்சு கொடுப்பது. இரத்த வங்கியில் கதிர்வீச்சுக் கருவி கிடைக்குமென்றால் அதுவே வசதி. மைட்டோமைசின் சரியாகக் கழுவப்படாவிட்டால் பெறுநரின் செல்களையும் நிறுத்திவிடும், அமைதியான குழிகளில் மேலும் ஒரு வகை சேர்ந்துவிடும். அது நச்சு மருந்து என்பதால் கையுறையும் தனிக் கழிவுப் புட்டியும் வேண்டும்.

முன்பு, பிரியும் செல் தன் டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும் கதிரியக்கத் தைமிடினைச் சேர்த்து எண்ணிக்கை பார்த்தோம். அது பெருகியதா என்று சொல்லும், பெருகியது எந்தச் செல் என்று சொல்லாது. 1994இல் லயன்ஸும் பேரிஷும் அறிமுகப்படுத்திய சி.எஃப்.எஸ்.இ. சாயம் அந்தக் குறையைப் போக்கியது. செல்லுக்குள் புகுந்து புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் இந்தச் சாயம், செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் இரு மகள் செல்களுக்கும் பாதிப்பாதியாகப் பங்கிடப்படும். ஆகவே ஒளியின் அளவைப் பார்த்தே எத்தனை தலைமுறை கடந்தது என்று சொல்லலாம், ஏழெட்டுத் தலைமுறை வரை.

சாயமேற்றும் அந்த ஒரு நிமிடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடக்கநிலையாளர்களின் பிளேட் பெரும்பாலும் இங்கேதான் வீணாகிறது. மி.லி.க்கு ஒரு கோடி வீதம் செல்களை உப்புக் கரைசலில் மிதக்கவிடுங்கள். குழாயைப் படுக்கவைத்ததுபோல் பிடித்து, மூடிக்கு அருகே உள்ள உலர்ந்த சுவரில் சாயத்துளியை வையுங்கள். துளி செல்களைத் தொடக் கூடாது. மூடியை இறுக்கி, ஒரே வீச்சில் கவிழ்த்து நிமிர்த்தி, உடனே கலக்கிவிடுங்கள். அப்போதுதான் எல்லாச் செல்லுக்கும் ஒரே கணத்தில் சாயம் சேரும். துளியை நேரே கரைசலுக்குள் விட்டால் முதலில் சந்தித்த செல்கள் மிகுதியாகக் குடித்துவிடும், பின்னால் நின்றவை வெளிறிப்போகும். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் தலைமுறைச் சிகரங்கள் தனித்தனியாக நிற்காமல் ஒரு மேடாகக் கிடக்கும். இறுதிச் செறிவு 2 முதல் 5 மைக்ரோமோலார், நேரம் 5 முதல் 10 நிமிடம், இருட்டில். 10 விழுக்காடு சீரம் கலந்த குளிர்ந்த கரைசலை ஐந்து மடங்கு அளவு ஊற்றினால் மிச்சச் சாயம் சீரப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு வினை நின்றுவிடும்.

ஆர்.பி.எம்.ஐ. 1640 கரைசலில் 10 விழுக்காடு மனித ஏ.பி. சீரம் சேர்த்து, குழிக்கு 2 லட்சம் சாயமேற்றிய பெறுநர் செல்களை இடுங்கள். தூண்டுவது கொடையாளரின் இரத்தச் செல்கள் என்றால் அதே எண்ணிக்கை. ஸ்ட்ரோமல் செல் என்றால் முதல் நாளே தட்டையடிக் குழியில் ஒட்டவிட்டு, ஐந்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, நூற்றுக்கு ஒன்று என மூன்று விகிதங்களில் வையுங்கள். பிளேட்டின் ஓரக் குழிகள் ஆறு நாளில் ஆவியாகிச் சுண்டிவிடும் என்பதால் அவற்றில் வெறும் உப்புக் கரைசலை நிரப்பி, சோதனையை உட்குழிகளில் வைத்துக்கொள்ளுங்கள். 37 டிகிரி, 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, 5 முதல் 6 நாள்.

அறுவடையின்போது இறந்த செல்லைக் காட்டும் சாயத்தையும், டி செல், அதன் இரு வகைகள், என்.கே. செல் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் சி.டி.3, சி.டி.4, சி.டி.8, சி.டி.56 என்னும் மேற்பரப்பு அடையாளங்களுக்கான ஒளிரும் ஆன்டிபாடிகளையும் சேர்க்கலாம். சி.எஃப்.எஸ்.இ.யின் பச்சை ஒளி அடுத்த நிறத்துக்குள் பெரிதும் கசியும். ஆகவே மங்கலான அடையாளங்களுக்கு பி.இ. நிறத்தைத் தவிர்த்துத் தொலைவான நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். சாயம் ஏற்றித் தூண்டாமல் விட்ட செல்கள் பூஜ்ஜியத் தலைமுறை எங்கே நிற்கிறது என்று காட்டும்.

கணக்கிடும்போது ஒரு தவறு வாடிக்கையாக நடக்கிறது. கற்பனையாக, ஒரு குழியில் பிரியாத சி.டி.8 செல்கள் 9,000, ஒரு முறை பிரிந்தவை 400, இரு முறை 400, மூன்று முறை 800, நான்கு முறை 1,600 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,200இல் பிரிந்தவை 3,200. ஆகவே 26 விழுக்காடு வினைபுரிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் நான்கு முறை பிரிந்த 1,600 செல்கள் 100 தாய்ச் செல்களின் வாரிசுகள். ஒவ்வொரு தலைமுறையையும் 2, 4, 8, 16 ஆல் வகுத்தால் தாய்ச் செல்கள் முறையே 200, 100, 100, 100, கூட்டினால் 500. தொடக்கத்தில் இருந்தவை 9,500. ஆகவே வினைபுரிந்த டி செல்கள் 5.3 விழுக்காடு. பேரன் பேத்திகளை எண்ணிவிட்டுத் தாத்தாக்கள் என்று எழுதக் கூடாது.

இனி, அடக்குதல் பற்றி. ஸ்ட்ரோமல் செல்கள் ஐ.டி.ஓ. என்னும் நொதியால் டிரிப்டோஃபனைக் கைனுரெனினாக மாற்றியும், புரோஸ்டாகிளான்டின் இ2வைச் சுரந்தும் டி செல்களின் பெருக்கத்தை நிறுத்தவல்லவை. எச்.எல்.ஏ.யை எழுப்புவதற்காக நாம் கொடுத்த இன்டர்ஃபெரான் காமாவே ஐ.டி.ஓ.வையும் எழுப்பிவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்: செல்லைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்கிய அதே செயல், பார்ப்பவரின் கையையும் கட்டிவிடுகிறது. இதை அவிழ்க்க நான் நம்பும் வழி இரண்டு கட்ட வளர்ப்பு. பெறுநரின் செல்களை ஸ்ட்ரோமல் செல்களோடு 7 நாள் வைத்து, மிதக்கும் செல்களை மட்டும் எடுத்துக் கழுவி, ஓரிரவு ஓய்வு கொடுத்து, பிறகு அதே கொடையாளரின் இரத்தச் செல்களை எலிஸ்பாட்டில் காட்டுங்கள். முதற்கட்டத்தில் அடங்கிக் கிடந்தாலும் அடையாளம் கண்டிருந்தால், இரண்டாம் கட்டத்தில் நினைவு பேசும். ஸ்ட்ரோமல் செல் இல்லாமல் 7 நாள் இருந்த செல்களையும் அதேபோல் சோதித்து ஒப்பிட வேண்டும். கொடையாளரின் இரத்தம் கிடைக்காத இடத்தில், ஐ.டி.ஓ. தடுப்பானும், புரோஸ்டாகிளான்டினைத் தடுக்கும் இன்டோமெத்தசினும் சேர்த்த குழிகளை வைத்துப் பார்க்கலாம். அது அரைகுறை விடைதான்.

பயிற்சிக் காலத்தில் எங்கள் பிளேட் ஒன்றில் கொடையாளர் குழிகள் அத்தனையும் அமைதியாக இருந்தன, பி.எச்.ஏ. குழிகள் நன்றாகப் பெருகியிருந்தன. செல்கள் பாதுகாப்பானவை என்று மகிழ்ந்து படம்கூட வரைந்தாகிவிட்டது. ஆனால் நூற்றுக்கு ஒன்று விகிதத்திலும் அதே அளவு அடங்கியிருந்ததை யாரோ கேட்டார்கள். அவ்வளவு குறைந்த விகிதத்தில் அடக்கும் வலு பெரும்பாலும் தேய்ந்துவிட வேண்டும். பி.சி.ஆர். செய்து பார்த்தபோது ஸ்ட்ரோமல் செல் புட்டியில் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணிய பாக்டீரியா. அது கரைசலைக் கலங்கவைக்காது, ஆர்ஜினினைத் தின்று தீர்த்து டி செல்களைப் பட்டினி போடும். பி.எச்.ஏ. குழியில் ஸ்ட்ரோமல் செல் போடாததால் அந்தக் குழிக்கு இது தெரியவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பிளேட்டிலும், குறைந்த விகிதத்தில் ஸ்ட்ரோமல் செல்லும் பி.எச்.ஏ.யும் சேர்ந்த ஒரு குழி வைக்கிறேன். மைக்கோபிளாஸ்மா சோதனை இல்லாத செல்லைத் தொடுவதில்லை.

எலிஸ்பாட்

1983இல் ஆன்டிபாடி சுரக்கும் செல்களை எண்ணுவதற்காகப் பிறந்த இந்த முறை, இன்று இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் டி செல்களை எண்ணவே அதிகம் பயன்படுகிறது. சவ்வுத் தளத்தில் ஆன்டிபாடியைப் பூசி, அதன் மேல் செல்களை இட்டால், சுரக்கும் ஒவ்வொரு செல்லும் தன் காலடியில் ஒரு புள்ளியை விட்டுச்செல்லும்.

சவ்வை 35 விழுக்காடு எத்தனாலால் ஒரு நிமிடத்துக்குள் நனைத்து, உடனே ஐந்து முறை கழுவி, உலரவிடாமல் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றி, ஓரிரவு 4 டிகிரியில் வையுங்கள். மறுநாள் கழுவி, சீரம் கலந்த கரைசலால் அரை மணி நேரம் மறைத்து, குழிக்கு 3 லட்சம் பெறுநர் செல்களும் அதே அளவு தூண்டும் செல்களும் இட்டு, 18 முதல் 24 மணி நேரம் விடுங்கள். இந்த நேரத்தில் பிளேட்டை நகர்த்தாதீர்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், இன்குபேட்டர் கதவை அடித்து மூடாதீர்கள். செல்கள் அசைந்தால் புள்ளி வால் முளைத்து நீளும், அல்லது எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிப் பிறைபோல் கிடக்கும். பிறகு பயோட்டின் ஏற்றிய ஆன்டிபாடி, ஸ்ட்ரெப்டவிடின் நொதி, நிறமூட்டி. நீலப் புள்ளிகள் எழுந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசி நிறுத்துங்கள். முழுதாக உலர்ந்த பிறகே எண்ண வேண்டும், ஈரத்தில் சவ்வு சாம்பல் நிறமாகத் தெரிந்து சிறு புள்ளிகளை விழுங்கிவிடும்.

கொடையாளர் குழியில் 60 புள்ளிகள், சொந்தச் செல் குழியில் 6 என்றால், 3 லட்சத்துக்கு 54, அதாவது பத்து லட்சத்துக்கு 180. மேலே கண்ட 5.3 விழுக்காட்டோடு இதை ஒப்பிட்டு ஒன்று தவறு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாளுக்குள் இன்டர்ஃபெரானைச் சுரப்பவை பெரும்பாலும் முன்பே விழிப்படைந்த நினைவு டி செல்கள்; ஆறு நாள் வளர்ப்பில் புதியவையும் சேர்ந்து பெருகும். செல் செலுத்துவதற்கு முன்பே எலிஸ்பாட் மிகுந்திருந்தால், இரத்தம் ஏற்றியதாலோ கர்ப்பத்தாலோ முந்தைய மாற்று உறுப்பாலோ அவர் உடல் இந்த எச்.எல்.ஏ.யை முன்பே சந்தித்திருக்கக்கூடும்.

பி.எச்.ஏ. பெரிய சம்மட்டி, அரைகுறையாக உயிர் உள்ள டி செல்களையும் அது எழுப்பிவிடும். சைட்டோமெகலோ, எப்ஸ்டீன்-பார், இன்ஃப்ளூயன்சா வைரஸ்களின் பெப்டைடுக் கலவையை இன்னொரு கட்டுப்பாடாக வைத்தால், நுட்பமான வினைக்கும் செல்கள் தகுதியோடு இருந்தனவா என்று தெரியும்.

ஆன்டிபாடியைத் தேடுதல்

1969இல் படேலும் டெராசாகியும் வெளியிட்ட 225 சிறுநீரக மாற்றுகளின் கணக்கு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது: கிராஸ்மேட்ச் (பெறுநரின் சீரம் கொடையாளர் செல்லைத் தாக்குகிறதா என்னும் சோதனை) பாசிட்டிவாக இருந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே செயலிழந்தது, நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்குத்தான். செல் சிகிச்சையிலும் முன்பே இருக்கும் ஆன்டிபாடிதான் மிக விரைவாகச் செல்லைத் தீர்க்கும் எதிரி.

செலுத்துவதற்கு முன்பும், பிறகு 2 வாரம், 1, 3, 6, 12 மாதங்களிலும் சீரம் எடுத்து, சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். நுண்மணிகளில் ஒவ்வொரு எச்.எல்.ஏ.யையும் தனித்தனியாகப் பூசிச் செய்யும் லுமினெக்ஸ் சோதனை எந்த ஆன்டிபாடி என்று பெயர் சொல்லும். அது தரும் எம்.எஃப்.ஐ. எண்ணை (ஒளியின் சராசரி அளவு) ஆன்டிபாடியின் செறிவாக வாசிப்பது தவறு. ஆன்டிபாடி மிகுந்த சீரத்தில் காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்கள் மணியைச் சூழ்ந்து மறைத்து எண்ணைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. பத்தில் ஒன்றாக நீர்த்தோ இ.டி.டி.ஏ. சேர்த்தோ மறுபடி அளந்தால் எண் ஏறும். இங்கும் பொய் அமைதிதான்.

மணியில் எச்.எல்.ஏ. மட்டுமே இருக்கும். ஆகவே ஃப்ளோ கிராஸ்மேட்சில் உண்மையான ஸ்ட்ரோமல் செல்களையே இலக்காக வையுங்கள்: 2 லட்சம் செல்களோடு சீரத்தை அரை மணி நேரம் வைத்து, கழுவி, மனித ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடிக்கு எதிரான ஒளிரும் ஆன்டிபாடி சேர்த்து, எவரிடமும் வினைபுரியாத ஏ.பி. சீரத்தோடு ஒப்பிட்டு ஒளி எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். இன்டர்ஃபெரான் கொடுத்த தொகுதியில் மட்டும் நகர்ந்தால் இலக்கு எச்.எல்.ஏ. என்று ஐயுறலாம், இரண்டிலும் ஒரே அளவு நகர்ந்து லுமினெக்ஸ் வெறுமையாக இருந்தால், மாட்டுச் சீரப் புரதத்தையோ வேறு மேற்பரப்புப் புரதத்தையோ தேட வேண்டும்.

என்.கே. செல்கள்

இது நான்கு மணி நேர வேலை. இலக்குச் செல்லில் கால்சீன் சாயத்தை ஏற்றி, என்.கே. செல்களை ஒன்றுக்கு 40, 20, 10, 5 என்ற விகிதங்களில் சேர்த்து, வெளியேறிய ஒளியை அளக்க வேண்டும். சோதனை வெளியேற்றத்திலிருந்து தானாக வெளியேறியதைக் கழித்து, முழு வெளியேற்றத்திலிருந்தும் தானாக வெளியேறியதைக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். கதிரியக்கக் குரோமியம் 51 கொண்டு செய்தாலும் கணக்கு இதுவே. எச்.எல்.ஏ. முதல் வகுப்பு இல்லாத கே562 என்னும் இரத்தப் புற்றுச் செல்கள் பாசிட்டிவ் கட்டுப்பாடு. அவை சாகாவிட்டால் உங்கள் என்.கே. செல்கள் தூங்குகின்றன.

மரபணுத் திருத்தத்தால் எச்.எல்.ஏ.யையே நீக்கிய செல்கள் வரத் தொடங்கியபின் இந்தச் சோதனையின் மதிப்பு கூடியிருக்கிறது. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், சுவீடனின் உப்சாலாவில் முதல் வகை நீரிழிவு உள்ள ஒருவருக்கு, எச்.எல்.ஏ. இரு வகுப்புகளையும் நீக்கி, என்.கே. செல் போன்றவற்றைத் தாக்காமல் தடுக்கும் சி.டி.47 புரதத்தைக் கூட்டிய கணையத் தீவுச் செல்களை, எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தே இல்லாமல் பொருத்தினார்கள். கொடுத்த கலவையில் திருத்தம் முழுமையடையாத செல்களும் இருந்தன. அவற்றை நோயாளியின் உடல் தாக்கியது, முழுதாகத் திருத்தியவற்றை விட்டுவிட்டது. முழுத் திருத்தம் பெற்ற செல்களுக்கு எதிரான அமைதியை நம்பவைத்தது, அதே உடலில் மற்றச் செல்களுக்கு எதிராக எழுந்த இரைச்சல்தான். நம் பிளேட்டில் கட்டுப்பாட்டுக் குழிகள் செய்யும் வேலையை அங்கே நோயாளியின் உடலே செய்தது.

முடிவுகள் முரண்படும்போது

கொடையாளருக்கு எதிரான வினை குறைந்து மூன்றாம் நபருக்கு எதிரான வினை அப்படியே இருந்தால், அந்தக் கொடையாளரை மட்டும் உடல் பொறுத்துக்கொள்கிறது என்று எழுதலாம். இரண்டும் சேர்ந்து குறைந்தால் மருந்தின் விளைவாக இருக்கும், அல்லது அன்றைய செல்கள் சரியில்லை. மருந்தைப் பற்றி எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எதிர்ப்பைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மருந்து எடுப்பவரின் செல்களை நாம் கழுவிவிடுவதால், பிளேட்டில் காணும் வினை உடலில் உள்ளதைவிட மிகையாக இருக்கலாம். இரத்தத்தை எப்போதும் காலை மாத்திரைக்கு முன்பே எடுத்தால், மாதத்துக்கு மாதம் ஒப்பிடும் தகுதியாவது இருக்கும்.

டி செல் சோதனைகள் அமைதியாகவும் ஆன்டிபாடி ஏறுமுகமாகவும் இருந்தால் மறைமுக வழியை நினைக்க வேண்டும். ஆன்டிபாடி வகை மாற உதவும் டி செல்கள் அவ்வழியில் எழுபவை. கொடையாளர் செல்களை மூன்று முறை உறையவைத்து உருக்கிச் சிதைத்து, அந்தச் சாற்றை முழுச் செல்லுக்குப் பதிலாக எலிஸ்பாட்டில் இட்டு, 40 மணி நேரம் வரை விட்டுப் பாருங்கள். புள்ளிகள் சிலவே எழும், ஆகவே குழிகளை மூன்றிலிருந்து ஆறாக்குங்கள்.

ஒரு நோயாளியின் முதல் மாத இரத்தத்தையும் ஆறாம் மாத இரத்தத்தையும் வெவ்வேறு நாள்களில் சோதித்து ஒப்பிடுவதை நான் ஏற்பதில்லை. சீரத் தொகுதி மாறியிருக்கும், கை மாறியிருக்கும். வந்த செல்களை, உறையும்போது அவற்றைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. 10 விழுக்காடு கலந்த கரைசலில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரவைத்துத் திரவ நைட்ரஜனில் சேமித்து, ஓராண்டு நிறைந்ததும் எல்லா மாதங்களையும் ஒரே நாளில் உருக்கி, ஓரிரவு ஓய்வளித்து, ஒரே பிளேட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இடுங்கள். உருக்கிய செல்களில் உயிருள்ளவை 100க்கு 80க்குக் கீழே போன மாதத்தின் எண்ணை வரைபடத்தில் போடாமல், அந்த இடத்தை வெறுமையாக விட்டு, காரணத்தை அடியில் எழுதுங்கள்.